கழற்றக்கூடிய நட்டே நல்ல நட்டு

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பமொன்றிடம் எஞ்சியிருக்கும் சொத்து எதுவென்று பார்த்தால், பல இடங்களில் அது ஓர் எஞ்சினாகவே இருக்கும். காணியைத் தூக்கிக்கொண்டு வரமுடியாது. வீட்டையும் கிணற்றையும் கொண்டுவர முடியாது. நீரிறைக்கும் எஞ்சினை மட்டும் யாரோ ஒருவருடைய வண்டியில் ஏற்றிவிடலாம். இருசில்லு உழவு இயந்திரத்தை ஓட்டிக்கொண்டே வந்துவிடலாம். புதிய இடத்தில் குத்தகைக்கு வயல் எடுப்பதற்கும், அடுத்தவர் வயலைக் கூலிக்கு உழுது நாளாந்தச் செலவைச் சமாளிப்பதற்கும் அதுவே கைகொடுக்கிறது.

அந்த எஞ்சினை நிறுத்திவிடக்கூடிய மிகச் சிறிய பொருள் ஒன்றைப்பற்றி இக்கட்டுரையில் எழுதுகின்றோம். அது புகைக்குழாயைப் பிடித்து வைத்திருக்கும் நட்டு.

எந்த இடத்தைப்பற்றிப் பேசுகிறோம்?

எஞ்சினின் ஹெட்டிலிருந்து சூடான புகை வெளியேறும் வாயில் ஓர் இரும்புக் குழாய் பூட்டப்பட்டிருக்கும். மூன்று நான்கு சிலிண்டர்கள் உள்ள நான்குசில்லு உழவு இயந்திரமாயின், பல வாய்களின் புகையை ஒன்றுசேர்க்கும் வார்ப்பிரும்புக் குழாய்த்தொகுதி அது. இதனைப் பாஸ்மார் 'மெனிபோல்ட்' என்பர். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் சைலன்சரே நேராக ஹெட்டில் பூட்டப்பட்டிருக்கும். எதுவானாலும் பிடித்திருப்பது தலையில்லாத, இருபக்கமும் மரை வெட்டிய உருக்கு ஆணியாகும். இது 'ஸ்டட்' எனப்படும். ஸ்டட்டின் ஒரு முனை ஹெட்டினுள் இறங்கியிருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மறுமுனையில் நட்டு ஏறும். சிறிய எஞ்சின்களில் பெரும்பாலும் இரண்டே ஸ்டட்டுகள்தான்.

ஹெட்டைத் திறக்கவேண்டுமானாலும், இடையிலுள்ள பக்கிங்கை மாற்றவேண்டுமானாலும், கரிபிடித்த சைலன்சரைக் கழற்றித் துப்புரவு செய்யவேண்டுமானாலும் முதலில் இந்த நட்டுகள் கழன்றாக வேண்டும். கறள் பிடித்து இறுகிய நட்டை நீண்ட ஸ்பனர் போட்டு முறுக்கினால், நட்டு சுற்றாது, ஸ்டட்டே முறிந்துவிடும். முறிந்த துண்டு ஹெட்டினுள் நின்றுவிடும். அதனை எடுக்க லேத்துப் பட்டறைக்குப் போகவேண்டும். துளைக்கும்போது துளை கோணலானால் ஹெட்டும் பழுதாகும். விதைப்புக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும் வாரத்தில் இது நடந்தால் என்னவாகும் என்பதை உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. 2022இல் நாட்டில் டொலர் தட்டுப்பாடு வந்து உதிரிப்பாகங்களின் விலை ஏறியபோது, ஒரு ஹெட் என்ன பெறுமதியானது என்பதை எல்லோரும் கண்டுகொண்டோம்.

எனவே இந்த இடத்துக்கு நட்டு வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வி "எது மிகப் பலமானது?" என்பதல்ல. "இரண்டு வருடம் கழித்து எது கழலும்?" என்பதே.

எமது கரையில் கறள் ஏன் இவ்வளவு விரைவாகப் பிடிக்கிறது?

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று என்று தொடரும் கரையோர ஊர்களில் கடலுக்கும் வயலுக்கும் இடையே அதிக தூரமில்லை. கிழக்கே கடல், பிரதான வீதிக்கு மேற்கே சிறிது தூரம் போனால் கல்லோயாத் தண்ணீர் பாயும் வட்டைகள். பகலில் வட்டையில் வேலைசெய்யும் எஞ்சின் இரவில் கடற்காற்றில் நிற்கிறது.

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று ஊருக்குள் கொண்டுவருகிறது. இரும்பின்மேல் படியும் உப்பு சும்மா இருப்பதில்லை. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 அளவைத் தாண்டியதும் அது காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். கரையோரத்தில் இரவுகளில் ஈரப்பதன் இந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே மழையே பெய்யாத இரவிலும் எஞ்சினின்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருக்கும். ஒக்டோபருக்குப் பின் வடகீழ்ப் பருவக்காற்று கடலிலிருந்து நேராக வீசும் மாதங்களில் இது இன்னும் அதிகம்.

புகைக்குழாயில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. எஞ்சின் ஓடும்போது அது கடுமையாகச் சூடேறுகிறது. பூச்சும் எண்ணெயும் எரிந்துபோகின்றன. நிறுத்தியதும் குளிர்ந்து ஈரத்தை வாங்குகிறது. மறுநாள் மீண்டும் சூடு. இரும்பு கறளாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கும். மரையின் நுண்ணிய இடைவெளியில் இப்படிப் பெருத்த கறள்தான் நட்டையும் ஸ்டட்டையும் ஒன்றாக இறுக்கிவிடுகிறது.

2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கியபோது இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. அன்று கடல்நீரில் மூழ்கிய இயந்திரங்களுக்கு நடந்தது, வேகமாக நடந்த அதே கறள்தான். கடல்நீர் பட்ட எஞ்சினை உடனே நல்ல தண்ணீரால் கழுவி, எண்ணெயை மாற்றி, எண்ணெய் பூசிவைத்தால் காப்பாற்ற வாய்ப்புண்டு. இடம்பெயர்ந்து நிற்பவர்களுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. வாரக்கணக்கில் அப்படியே கிடந்த எஞ்சினில் முதலில் இறுகிப்போகும் இடங்களில் ஒன்று இந்த நட்டு. யுத்த காலத்தில் போகமுடியாத காணிகளில் விடப்பட்ட எஞ்சின்களுக்கும் இதே கதிதான்.

கடையில் கிடைப்பவை

கல்முனையில் ஹார்ட்வெயார் கடைக்குப் போய் நட்டு கேட்டால் பலவகை கிடைக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெள்ளையாக அல்லது மஞ்சளாக மினுங்கும் சாதாரண நட்டு. இது நாகம் பூசிய உருக்கு. விலை குறைவு. வேலிக்கும் கூரைக்கும் நல்லது, புகைக்குழாய்க்கு உதவாது. நாகம் 419 பாகை செல்சியசில் உருகும். அதற்கு மிக முன்பே, ஏறத்தாழ 200 பாகையைத் தாண்டியதும், பூச்சு தனது காவலை இழக்கத் தொடங்கும். பாரமான உழவில் டீசல் எஞ்சினின் புகை 400 பாகையையும் தாண்டக்கூடும். நட்டு புகையளவு சூடாகாவிட்டாலும், நாகப்பூச்சு நிலைக்கும் இடம் அதுவல்ல. பூச்சுப் போனபின் உள்ளே இருப்பது வெறும் உருக்கு. இன்னொரு எச்சரிக்கை: நாகம் பூசிய நட்டை வெல்டிங் செய்யும்போது வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

கறையில் உருக்கு, அதாவது ஸ்டெயின்லஸ் ஸ்டீல். உப்புக்காற்றுக்கு இதுவே சிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். காற்றில் நிற்கும் பொருளுக்கு அது சரி. இரும்புடன் சேர்ந்த குரோமியம் மேற்பரப்பில் மிக மெல்லிய காவற்படலத்தை உண்டாக்குகிறது. ஆங்கில 'ஏ' எழுத்தும் 2 என்ற இலக்கமும் தலையில் பொறித்திருந்தால் அது சாதாரண வகை. 'ஏ'யும் 4உம் பொறித்திருந்தால் மொலிப்டினம் சேர்ந்த, உப்பை அதிகம் தாங்கும் வகை. கல்முனை ஊடாகச் செல்லும் எமது வீதியின் இலக்கமும் ஏ4 என்பதால் இதனை நினைவில் வைப்பது இலகு.

ஆனால் புகைக்குழாயில் இதற்கு மூன்று குறைகள் உண்டு. முதலாவது, சூட்டில் இது சாதாரண உருக்கைவிட அதிகம் நீளும். 50 மில்லிமீற்றர் நீளமான ஸ்டட் 300 பாகை சூடேறினால், சாதாரண உருக்கு ஏறத்தாழ 0.18 மில்லிமீற்றரும், கறையில் உருக்கு ஏறத்தாழ 0.25 மில்லிமீற்றரும் நீளும். அது பிடித்திருக்கும் வார்ப்பிரும்போ 0.16 மில்லிமீற்றரளவே பெருக்கும். கறையில் உருக்கு ஸ்டட்டானால் மிஞ்சும் வித்தியாசம் ஒரு கடதாசியின் தடிப்பு. அவ்வளவு போதும், சூட்டில் பிடி தளர்ந்து புகை கசியும். இரண்டாவது, கறையில் உருக்கு ஸ்டட்டில் அதே உருக்கு நட்டை வறட்டாக ஏற்றினால், மரைகள் ஒன்றையொன்று சுரண்டி ஒட்டிக்கொள்ளும். கறளே இல்லாமல் இறுகிவிடும். மூன்றாவது, இழுவையில் நிற்கும்போது சூடும் உப்பும் சேர்ந்து தாக்கினால் இந்த உருக்கில் மயிரிழை வெடிப்புகள் தோன்றலாம்.

'8.8' பொறித்த உருக்கு. இது பதப்படுத்திய உருக்கு. ஸ்டட்டாகப் பாவிக்க ஏற்றது. வார்ப்பிரும்புடன் ஏறத்தாழ ஒத்து நீளும். ஆனால் கறளுக்கு இதனிடம் தனிக் காவல் எதுவுமில்லை. '12.9' என்று பொறித்தது இன்னும் பலமானது என்பதற்காக அதனை வாங்கவேண்டாம். கடினம் கூடும்போது நொறுங்கும் தன்மையும் கூடுகிறது. இந்த இடத்துக்கு அவ்வளவு பலம் தேவையுமில்லை.

நைலோன் வளையம் வைத்த நட்டு. அதிர்வில் கழலாது என்று சொல்லித் தருவார்கள். நைலோன் அச்சூட்டில் உருகிவிடும். இந்த இடத்துக்கு முற்றாக வேண்டாம்.

பித்தளை நட்டு. எமது தெரிவு இதுவே. பித்தளை இரும்பைப்போல் கறள் பிடிப்பதில்லை. உருக்கு ஸ்டட்டுடன் சூட்டில் ஒட்டிக்கொள்வதுமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அது உருக்கைவிட மென்மையானது. கழற்றும்போது ஏதாவது ஒன்று கெடவேண்டியிருந்தால், நட்டின் மரைதான் கெடும், ஸ்டட் தப்பும். சில ரூபாய் நட்டு போய் ஹெட் பிழைக்கும். பழைய கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் புகைக்குழாய்க்கு நீண்ட பித்தளை நட்டுப் போட்டதன் காரணம் இதுதான்.

இதற்கும் எல்லை உண்டு. அதிக சூட்டில் பித்தளை பலமிழக்கும். டர்போ பூட்டிய பெரிய எஞ்சின்களுக்கு அது பொருந்தாது. அவற்றுக்கு எஞ்சின் தயாரிப்பாளர் குறித்த நட்டையே போடவேண்டும். அவற்றிற் பல, செம்பு பூசிய உருக்கு நட்டுகள். அவை கிடைத்தால் சிறிய எஞ்சினுக்கும் நல்லவை. மேலும், பித்தளையும் உருக்கும் தொட்டு நிற்கும் இடத்தில் உப்புநீர் தேங்கினால் உருக்கே அரிபடும். ஆகவே மரையை வெறுமையாக விடக்கூடாது.

ஏமாறாமல் வாங்குவது எப்படி?

மஞ்சள் நிறமெல்லாம் பித்தளை அல்ல. நாகத்தின்மேல் மஞ்சள் சாயமேற்றிய உருக்கு நட்டு, பார்வைக்குப் பித்தளைபோலவே இருக்கும். கடைக்குப் போகும்போது பழைய வானொலி ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத் துண்டு ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுசெல்லுங்கள். காந்தம் ஒட்டினால் அது பித்தளையல்ல. ஒட்டாவிட்டால், அரத்தால் ஓரத்தில் ஒரு கீறல் போட்டுப் பாருங்கள். உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை. கறையில் உருக்கிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் அது வெள்ளை.

மரையின் அளவும் முக்கியம். பழைய நட்டைக் கையில் கொண்டுபோய், புதிய நட்டைப் பழைய ஸ்டட் மாதிரியில் விரலால் ஏற்றிப் பாருங்கள். விரலால் ஏறாததை ஸ்பனரால் ஏற்றக்கூடாது. இரண்டு வகை இருந்தால் உயரமான நட்டையே எடுங்கள். மரை அதிகமாகப் பிடிக்கும். ஸ்டட்டும் நன்றாக மூடப்படும்.

பூட்டும் முறை

ஸ்டட்டின் மரையைக் கம்பித் தூரிகையால் துப்புரவு செய்யுங்கள். அதன்மேல் செம்புத்தூள் கலந்த பசையை மெல்லிதாகப் பூசுங்கள். வாகன உதிரிப்பாகக் கடைகளில் இது கிடைக்கும். ஏறத்தாழ 1000 பாகைவரை தாங்கும். சாதாரண கிறீஸ் இதற்கு உதவாது. அது எரிந்து கரியாகி, தானே நட்டை இறுக்கிவிடும். பசை கிடைக்காவிட்டால், பென்சில் கரியைப் பொடியாக்கிச் சிறிது எஞ்சின் எண்ணெயில் குழைத்துப் பூசலாம். எண்ணெய் எரிந்துபோகும், பென்சில் கரி 400 பாகையளவுவரை நின்று மரைக்கு வழுக்கல் கொடுக்கும். ஹெட் அலுமினியமானால், ஹெட்டினுள் இறங்கியிருக்கும் முனைக்குப் பென்சில் கரி பூசவேண்டாம். அலுமினியத்தை உப்பு அரிப்பதற்கு அது துணைபோகும். நன்றாக நிற்கும் ஸ்டட்டைத் தேவையின்றி வெளியே எடுக்கவும் வேண்டாம்.

இரண்டு நட்டுகளையும் சிறிது சிறிதாக மாறிமாறி இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதைத் தொட்டால் குழாயின் வாய் சரிந்துவிடும். பசை பூசிய மரை இலகுவாகச் சுற்றும். ஆகவே வழமையைவிடக் குறைவான பலம் போதும். சிறிய ஸ்பனர், ஒரு கை, அவ்வளவுதான். ஸ்பனருக்குக் குழாய் செருகி நீட்டவேண்டாம். எஞ்சினை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, ஆறவிட்டு, நட்டுகளை மீண்டும் ஒருமுறை பாருங்கள். முதற் சூட்டில் பக்கிங் சற்று அமுங்குவதால் சிறிது இளகியிருக்கும்.

தளர்ந்த நட்டை அலட்சியம் செய்யவேண்டாம். கசியும் சூடான புகை பக்கிங்கை எரித்துவிடும். சூடு மிதிக்கும் களத்தில் அது வைக்கோலுக்கு நெருப்பு. மண்ணெண்ணெய், பெற்றோல் எஞ்சின்களின் புகையிலுள்ள நச்சுவாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. புகைக்குழாய் நன்றாக இருந்தாலும் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டக்கூடாது. மூடிய கொட்டிலிலும் ஓட்டக்கூடாது. படுக்கும் இடத்துக்கு அருகே ஒருபோதும் வேண்டாம்.

ஏற்கெனவே இறுகிப்போன நட்டு

பலரிடம் இருப்பது பழைய எஞ்சின் என்பதை அறிவோம். அவசரப்படாதீர்கள். வேலையில்லாத நாட்களிலேயே இதனைத் தொடங்குங்கள்.

1. கறளைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, கறள் இளக்கும் எண்ணெயை ஆறிய எஞ்சினில் விடுங்கள். இல்லாவிட்டால் டீசல் விடலாம். மூன்று நான்கு நாட்கள் காலையும் மாலையும் தொடருங்கள். சூடான குழாயில் ஊற்றவேண்டாம், தீப்பிடிக்கும்.

2. நட்டின் பக்கங்களில் சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். அதிர்வில் கறள் வெடித்து எண்ணெய் உள்ளே இறங்கும்.

3. முதலில் கழற்றும் பக்கமல்ல, இறுக்கும் பக்கம் சற்று அசைத்துப் பாருங்கள். அசைந்தால் கழற்றும் பக்கம் கால் சுற்று, திரும்பவும் இறுக்கும் பக்கம் சற்று. இப்படி முன்னும் பின்னுமாகக் கொண்டுவாருங்கள்.

4. அசையாவிட்டால் பலம் போடவேண்டாம். நட்டை வாளால் ஒரு பக்கம் அறுத்து, உளியால் பிளந்து எடுங்கள். நட்டைப் பலிகொடுத்து ஸ்டட்டைக் காப்பாற்றுங்கள்.

5. ஸ்டட் முறிந்து சிறிது வெளியே நின்றால், அதன்மேல் பூச்சில்லாத ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து சுற்றி எடுக்கலாம். அச்சூடே கறளை இளக்கும். இது அனுபவமுள்ள பாஸ் செய்யவேண்டிய வேலை.

நிற்கும் எஞ்சினைப் பேணல்

ஓடும் எஞ்சினைவிட நிற்கும் எஞ்சினே விரைவாகக் கறள் பிடிக்கும். காணிக்குப் போகமுடியாமல், அல்லது எரிபொருளுக்குப் பணமில்லாமல் எஞ்சின் நிற்கவேண்டியிருந்தால், அதனைப் பலகைமேல் ஏற்றி வையுங்கள். தறப்பாளால் நிலம்வரை இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். மேலே ஒரு கிடுகுக் கூரையும் கடற்பக்கம் ஒரு மறைப்பும் போதும். சைலன்சரின் வாயை வெற்றுப் பால்மா டின்னால் கவிழ்த்து மூடுங்கள். ஓட்டுமுன் எடுக்க மறக்கவேண்டாம். மாதத்தில் இருமுறையாவது நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்துவது குழாயினுள் ஈரத்தைச் சேர்க்குமேயன்றி வேறு பயன் தராது. வருடத்தில் ஒருமுறை, பெரும்போகத்துக்கு முன், நட்டுகளைக் கழற்றிப் புதிதாகப் பசை பூசி மீண்டும் பூட்டுங்கள். வருடமொருமுறை கழற்றும் நட்டு இறுகுவதில்லை.

இந்த வேலைக்கு வேண்டியது இரண்டு பித்தளை நட்டு, ஒரு சிறு டின் பசை, அரை நாள். ஒரு டின் பசையைப் பத்துக் குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளலாம். முகாமிலோ குடியிருப்பிலோ ஸ்பனர் பிடிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால், வீட்டுப் பிள்ளைகளையும் அருகே இருத்தி இதனைச் செய்து காட்டச் சொல்லுங்கள். திரும்பிப் போகும் நாள் எப்போது வருமென்பது எமது கையில் இல்லை. அந்த நாளில் எஞ்சின் வேலைசெய்யும் நிலையில் இருப்பது பெருமளவு எமது கையில்தான் இருக்கிறது.